விளக்குமாறும் சமயப்பொருளும்

கிறித்தவ இலக்கியத்துள் விளக்குமாறு பழைய கருவியே. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன காசைத் தேடும் பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்குகின்றாள். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளருள் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் (1593–1633) ஜான் பனியனும் (1628–1688) பெருக்குதலிற் சமயப்பொருள் கண்டனர். இருவரும் கண்ட பொருள் ஒன்றுதானோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஹெர்பர்ட்டின் 'எலிக்ஸிர்' என்னும் பாடல், 1633இல் அவர் மறைந்தபின் வெளிவந்த 'தி டெம்பிள்' தொகுதியில் உள்ளது. இறைவனது சட்டத்தின் பொருட்டு அறையைப் பெருக்கும் பணியாள், அறையையும் தன் செயலையும் ஒருங்கே செம்மையாக்குகின்றான் என்பது அதன் கருத்து. முந்திய கைப்படியில் இப்பாடலின் பெயர் 'நிறைவு' என்பதாம். இவை உயர்ந்த நிறைவுகள் என்று கூறியே அஃது முடிந்தது. பின்னர்ப் புலவர் அம்முடிவை நீக்கிப் பொன்னாக்கும் கல்லைப் பாடினார். சிலரே எய்தும் உயரம், எவ்வுலோகத்தையும் தொட்டு மாற்றும் இரசவாதக் குளிகை ஆயிற்று. துடைப்பம் பிடித்த கைக்கு இத்திருத்தமே ஏற்றம் தந்தது எனலாம்.

இனிப் பனியனை நோக்குவாம். தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குவதும், கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு முதனூலாவதுமாகிய அவரது நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதன்கண் விளக்கம் கூறுவோனது இல்லத்தில், என்றுமே பெருக்கப்படாத கூடம் ஒன்று உள்ளது. ஒருவன் பெருக்கத் தொடங்கவே, புழுதி எழுந்து பயணியை மூச்சுத் திணறச் செய்கின்றது. பின்னர் ஒரு பெண் நீர் தெளித்துப் பெருக்க, கூடம் தூய்மையாகின்றது. கூடம் மனித உள்ளம், புழுதி பாவம், முதலிற் பெருக்கியவன் நியாயப்பிரமாணம், நீர் தெளித்தவள் சுவிசேஷம்.

ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. ஹெர்பர்ட்டிடம் செயலைச் செம்மையாக்கும் சட்டம், பனியனிடம் புழுதியைக் கிளப்புகின்றது. முன்னவர் கூறுவது அன்பால் ஏற்ற கட்டளை. பின்னவர் கூறுவது குற்றத்தைக் காட்டியும் நீக்கமாட்டாத கட்டளை. ஆதலின் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முற்றத்தில் நீர் தெளித்துப் பெருக்கும் நம் இல்லத்தார்க்குப் பனியன் கருத்து உரையின்றியே விளங்கும். தொழிலின் இயல்பு பிறழாமையே அவ்வுருவகத்தின் வலிமை. ஆயினும் பொருள் விளங்கியதும் அப்பெண்ணும் துடைப்பமும் மறைந்துவிடுகின்றனர். ஹெர்பர்ட்டின் அறையோ இறுதிவரை அறையாகவே நிற்கின்றது. அது பெருக்கப்பட்டும் ஆகவேண்டும்.

உயர்குடிப் பிறந்து, கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் மேடையுரையாளராய் விளங்கிய ஒருவர் பணியாளின் உழைப்பைத் தெய்விகம் என்பது, ஆண்டைகட்கு வாய்ப்பான ஆறுதல் அன்றோ எனின், அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பாடல் கூலியைப் பற்றியோ களைப்பைப் பற்றியோ பேசவில்லை. இஃது அதன் எல்லை. எனினும், தொடக்கத்தில் 'எனக்குக் கற்பி' என வேண்டிநிற்பவர் புலவரே. பணியாளுக்கு அறிவுரை கூறாது, அவன் தொழிலைத் தமக்குப் பாடமாகக் கொள்கின்றார். இவ்வேண்டுதலை நீக்கிவிட்டு அவ்வடிகளை மட்டும் ஏவலர்க்கு ஓதுவோர், பாடலைத் தலைகீழாகப் படிப்பவரே ஆவர் என்பது எம் துணிபு.