யாருடைய நூலகம், யாருடைய கோயில்?

1

போன வருஷம் ஒரு கட்டுத் துண்டறிக்கையோடு லேணாவிளக்கு முகாமுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நாளையொட்டிப் புதுக்கோட்டையில் நாங்கள் சில பேர் நடத்தும் கூட்டத்துக்கான அழைப்பு அது. 'போரும் பண்பாட்டு அழிப்பும்' என்று தலைப்புப் போட்டிருந்தோம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, எரிஞ்ச லைப்ரரிக்கு அழுவுறீங்க. அழுவத்தான் வேணும். ஆனா எங்ககிட்ட எரிக்கிறதுக்கு என்னா இருந்திச்சு?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர் இல்லை. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா கப்பலேறப் போனதே இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலிருந்துதான். 1948ஆம் வருஷத்துச் சட்டம் அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1977 கலவரம் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்குத் துரத்தியது. 1990 யுத்தம் படகேற்றி இராமேஸ்வரத்தில் இறக்கியது. மண்டபம் வழியாக இங்கே. தாத்தா கிளம்பிய சீமைக்கே பேரன் அகதியாக வந்து சேர்ந்தார். 2021இல் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பெயர் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை.

அவர் கொண்டுவந்த சாமான் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் பாலிதீன் பையில் சுற்றிய சில தாள்கள்: அப்பாவின் பிறப்புப் பதிவு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, இரண்டு பழைய கடிதங்கள். "படகுல ஒரு கையில புள்ள, ஒரு கையில இது" என்றார்.

அவர் கேள்விக்குக் கூட்டத்தில் நான் பதில் சொல்லவில்லை. கேள்வியைக்கூட அங்கே வைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துக்களைக் காப்பது பற்றிய சர்வதேசச் சொல்லாடலின் மூலப்பிரதி 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. எந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பண்பாட்டுச் சொத்துக்கு நேரும் சேதமும் மனிதகுலம் முழுமைக்கும் நேரும் சேதமே என்கிற பார்வையிலிருந்து அது தொடங்குகிறது. நல்ல பார்வைதான். ஆனால் அந்தப் பிரதியின் ஓட்டைகள் வழியாகவும் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, அதில் கையெழுத்துப் போடுகிறவை அரசுகள். இந்தியா 1958லேயே ஏற்றுக்கொண்டது. இலங்கை சேர்ந்தது 2004இல்தான். இரண்டாவது, 'இராணுவ அவசியம்' கட்டாயமாகிவிட்டால் கட்டுப்பாடு தளரலாம் என்று நான்காம் ஷரத்திலேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எது அவசியம் என்பதை அந்த இடத்தில் தீர்மானிப்பவர் யார்? துப்பாக்கி வைத்திருப்பவர்தான். யாழ்ப்பாணக் கோட்டை இராணுவ முகாமாயிற்று. முகாமானதால் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1990இல் அது புலிகளிடம் விழுந்தபோது உள்ளேயிருந்த டச்சுத் தேவாலயமும் சிதைந்துபோயிருந்தது. இரு தரப்புக்கும் அது 'அவசியம்'தான். மூன்றாவது, 'ஆயுத மோதல்' என்று ஒன்று இருந்தால்தான் உடன்படிக்கைக்குக் கண் திறக்கும். உள்நாட்டு மோதலுக்கும் குறைந்தபட்ச விதிகளைப் 19ஆம் ஷரத்து சொல்கிறது. ஆனால் அதுவும் மோதல் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

1981ஐ இங்கே வைத்துப் பாருங்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4ஆம் தேதி. மே 31 இரவு ஒரு தேர்தல் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். அதன் பிறகு தேர்தலுக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த காவல்துறை ஊரின் மேல் பாய்ந்தது. ஈழநாடு பத்திரிகை அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகக் கடை, நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, பிறகு நூலகம். சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரண்டு அமைச்சர்கள் அப்போது அந்த ஊரில் இருந்தார்கள். 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. இது எந்தப் போர்? போரே இல்லை. சட்டம் ஒழுங்கைக் காக்க வந்தவர்கள், தங்கள் அரசின் கீழிருந்த ஒரு மாநகரசபையின் நூலகத்தைக் கொளுத்தினார்கள். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. திம்புக்டுவில் கல்லறை மாடங்களை இடித்ததற்காக 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒருவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது, நியாயமே. அவர் தோற்றுப்போன ஓர் ஆயுதக் குழுவின் ஆள் என்பதையும் கூடவே குறித்துக்கொள்வோம். ஜெயித்த அரசின் அமைச்சர்களை நோக்கி அந்தச் சட்டத்தின் கை இன்னும் நீளவில்லை.

இதுவரைக்கும் நம் தோழர்கள் தலையாட்டுவார்கள். கைதட்டவும் செய்வார்கள். இனி வருவதுதான் சிக்கல்.

3

1998 ஜனவரி 25 காலையில் கண்டி தலதா மாளிகை வாசலில் வெடிமருந்து லாரி வெடித்தது. செய்தது விடுதலைப் புலிகள். பொதுமக்கள் செத்தார்கள். இலங்கைச் சுதந்திரத்தின் பொன்விழா அந்த ஊரில் நடக்கவிருந்த நேரம். அதற்கு முன் 1985 மே 14இல் அநுராதபுரத்தில், ஸ்ரீ மகாபோதி வளாகம் உட்பட, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூலக எரிப்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்த இரண்டைப் பற்றி ஒரு வாக்கியம் பேசியதில்லை. யாரும் தடுக்கவில்லை. எனக்கே தோன்றவில்லை, அல்லது தோன்றியதை முழுங்கிக்கொண்டேன்.

சொல்லக்கூடிய எதிர்வாதம் எனக்குத் தெரியும், அதை நானே சொல்லியிருக்கிறேன்: ஒடுக்கும் அரசையும் ஒடுக்கப்பட்டவர்களின் ஆயுதத்தையும் ஒரே தராசில் வைப்பது பேரினவாதத்துக்குத் துணைபோவதாகும். வன்முறையின் அளவையோ, யார் கையில் சட்டமும் சிறைச்சாலையும் இருந்தன என்பதையோ சமன்படுத்த நானும் தயாரில்லை. நான் கேட்பது வேறு. தலதா மாளிகையை ஏன் குறிவைத்தார்கள்? புனித தந்தத்தை வைத்திருப்பவரே நாட்டை ஆளும் உரிமையுள்ளவர் என்பது அங்கே பழைய மரபு. 1972 முதல் அரசியலமைப்பும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்திருக்கிறது. ஆக அது அதிகாரத்தின் குறியீடு, அதனால் இலக்கு. சரி. யாழ்ப்பாண நூலகத்தை ஏன் கொளுத்தினார்கள்? தமிழர் அறிவின் குறியீடு, அதனால் இலக்கு. குறியீடு என்றால் அடிக்கலாம் என்கிற தர்க்கத்தை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டவன், இன்னோரிடத்தில் தீ வைத்தவனிடம் எந்த மொழியில் வாதாடுவான்?

இன்னொன்று. நூலக எரிப்பு பற்றி நாம் மேடைதோறும் வாசிக்கிற கவிதை எம். ஏ. நுஃமானுடையது. எரித்தவர்கள் கொன்றது புத்தரைத்தான் என்று ஒரு முஸ்லிம் கவிஞர் எழுதினார். ஒன்பது வருஷம் கழித்து, 1990 அக்டோபரில், வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் மொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பள்ளிவாசல்களின் கட்டடங்கள் நின்றன, தொழ ஆளில்லை. கட்டடம் மட்டும் நிற்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா?

4

எரிந்த நூலகத்தை மீண்டும் கட்டியபோது எழுந்த விவாதமும் நமக்குப் பாடம். 1990களின் இறுதியில் சந்திரிகா அரசு புத்தகமும் செங்கல்லும் திரட்டி மறுநிர்மாணம் தொடங்கியது. இடிபாடு அப்படியே நிற்கட்டும், வெள்ளையடித்துவிட்டால் சாட்சி போய்விடும் என்றார்கள் ஒரு சாரார். பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டாமா என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. 2003 பிப்ரவரியில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தபிறகு புலிகளின் எதிர்ப்பால் அது நின்றுபோயிற்று. திறந்து வைக்க இருந்த மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். கல்வெட்டில் அவர் பெயர் வரக்கூடாது என்பதும் ஒரு காரணம் என்று அன்றே பேசப்பட்டது, எழுதப்பட்டது. அப்படியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. எது எவ்வளவு என்று இங்கிருந்து நிறுத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பேரினவாதத் தீயை முன்வைத்து நாம் எழுப்பிய 'தமிழரின் நூலகம்' என்ற பெருங்கதையாடலுக்குள் இந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. பெரியவர் கேட்டதும் இந்த இடத்திலிருந்துதான். தோட்டத் தொழிலாளியின் தாள்கள் எந்த நூலகத்திலும் இல்லை, எனவே எந்தத் தீயிலும் எரியவில்லை, எனவே எந்தக் கூட்டத்திலும் நினைவுகூரப்படுவதில்லை.

5

ஈழத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் எங்கே நின்றுகொண்டு பேசுகிறோம்? 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது இந்தச் சீமை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளையர்கள் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே இருப்பது 1974இல் கட்டிய நினைவுக்கோட்டை. கம்பெனியோடு நின்ற தொண்டைமானின் வம்சம் 1948 வரை ஆண்டது. அவர்கள் கடைசியாகக் கட்டிய அரண்மனைதான் இன்றைக்கு நம்முடைய கலெக்டர் ஆபீஸ். நின்றிருக்கிற கட்டடத்தை மரபு என்று கொண்டாடுகிறபோது, அது ஏன் நின்றது என்பதையும் கேட்டாக வேண்டும்.

நார்த்தாமலை மேலமலைக்குப் போனால் 'சமணர் குடகு' என்று ஜனங்கள் சொல்லும் குகை இருக்கிறது. உள்ளே வரிசையாக நிற்பவை விஷ்ணு சிற்பங்கள். சமணம் போயிற்று, பெயர் மட்டும் ஜனங்களின் வாயில் தங்கியிருக்கிறது. இதே மாவட்டத்தில் சித்தன்னவாசல் குகையின் பக்கத்துப் பாறையில் இன்னொரு சேதி. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்தான் என்று கல்வெட்டு. பழுதுபார்த்தவன் தான் செய்தது இன்னதென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். சரிசெய்வது என்பது மறைப்பதாக இருக்க வேண்டியதில்லை.

ஆக, எனக்குப் படுவது இவ்வளவுதான். எதிராளியின் கோயிலுக்கும் பொருந்தாத அறம் நம் நூலகத்தைக் காக்காது. உள்ளே நுழைய யாருக்கு உரிமை என்று கேட்காத பாதுகாப்பு வெறும் காவல்காரன் வேலை. கட்டி எழுப்பும்போது யார் இடித்தது என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும். நினைவுச்சின்னம் எதுவும் இல்லாதவர்களின் தகரப்பெட்டிக்கு இந்தச் சொல்லாடலில் ஓர் இடம் வேண்டும். மக்களா, கல்லா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நூலகத்தைக் கொளுத்தியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. மக்களை அடிக்கத்தான் அதைக் கொளுத்தினார்கள்.

6

கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் முகாமுக்குப் போனேன். உங்கள் தாள்களைப் படியெடுத்து ஓர் ஆவணமாக வைக்கலாமா, அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பேசுங்க தம்பி, பேசக் கூடாதுன்னு இல்ல. மொதல்ல ரெண்டு செட்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. பேத்திக்குக் குடியுரிமை மனு போடணும்."

போட்டுக்கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரும் பேத்தியும் நானும் அரண்மனைக்குப் போய் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். ரசீதை மடித்து அதே பாலிதீன் பையில் வைத்துக்கொண்டார்.