பாவு பிணைக்கும் நிரல்

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிப் பக்கம் போனால் பட்டுத் தறி ஓடும் வீடுகள் உண்டு. அங்கே பழகியவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். ஒரு பாவு, அதாவது தறியில் நெடுக ஓடும் இழைகளின் கட்டு, நெய்து முடிந்ததும் தறியை முழுக்கக் காலி செய்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளின் நுனியைக் கொஞ்சம் அப்படியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் பிணைப்பவர் தறி முன்னே உட்கார்ந்து, பழைய நுனியோடு புது நுனியை ஒவ்வொன்றாக விரலில் முறுக்கி இணைப்பார். ஆயிரக்கணக்கான இழைகள்! அதில் ஒன்று விட்டுப்போனாலும் சேலை நெடுகக் கோடு விழும். அதன்பிறகு நெய்பவர் எத்தனை கைகாரராக இருந்தாலும் அந்தக் கோட்டை மறைக்க முடியாது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கோப்பு முறைமை நிரலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வரும். நிரலில் பலர் வியப்பது வேகத்தை. என்னை இழுத்து உட்கார வைப்பது அதற்கு முந்தைய கட்டம்: ஒரு தரவுக் கட்டமைப்பு வேலைக்கு வருமுன் அதன் ஒவ்வொரு புலத்துக்கும் சரியான முதல் மதிப்பைக் கொடுத்து நிறுத்தும் கட்டம்.

ஐநோடு என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோப்பு ஒவ்வொன்றுக்கும் கெர்னல் வைத்திருக்கும் ஜாதகம் அது. உரிமையாளர் யார், அளவு என்ன, வட்டில் எங்கே இருக்கிறது, இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஒதுக்கும் நினைவகம் பெரும்பாலும் வேறொன்று குடியிருந்து காலி செய்த இடம். பழைய குடித்தனக்காரரின் சாமான்கள் உள்ளேயே கிடக்கும். நினைவகத்தில் வேறோர் இடத்தைக் காட்டும் பழைய சுட்டி ஒன்றைத் துடைக்க மறந்தால், கெர்னல் அதை நம்பி, போகக் கூடாத இடத்துக்குப் போய் நிற்கும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டால் போதாதா? போதாது. கெர்னலில் வெறுமையான பட்டியலின் தலை பூஜ்யமாக இருப்பதில்லை. அதன் முன் சுட்டியும் பின் சுட்டியும் தன்னையே காட்டி நிற்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழகுவதற்காக ஒரு சிறு கோப்பு முறைமை எழுதியபோது, ஒரு பட்டியல் தலையைத் தயார்செய்யாமல் விட்டுவிட்டேன். வாரக்கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள், நெடுநேரம் ஓடிய கணினியில் அந்தக் கோப்பு முறைமையைக் கழற்றியபோது கெர்னல் அப்படியே நின்றது. தவறு நடந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறு. நடுவில் தேடி நான்கு நாள் போயிற்று.

1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜெஃப் பான்விக், 'ஸ்லாப்' என்ற நினைவக ஒதுக்கீட்டு முறையை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். கெர்னல் ஒரே வகைக் கட்டமைப்பைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறது, அழிக்கிறது. அதில் மாறாத பகுதியை ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்க வேண்டும்? ஒருமுறை அமைத்துவிட்டு, திருப்பிக் கொடுப்பவர் அதே நிலையில் கொடுத்தால் போதும் என்றார். பாவு பிணைப்பவருக்கு இது புதுச் செய்தி ஆகாது. அச்சில் நிற்கும் பழைய நுனி அதைத்தானே செய்கிறது!

லினக்ஸ் இதை இரண்டு செயல்கூறுகளாகப் பிரித்திருக்கிறது. 'ஐநோடு இனிட் ஒன்ஸ்' என்பது அந்த இடம் முதன்முதலில் உருவாகும்போது மட்டும் ஓடி, பட்டியல் தலைகளைத் தயார்செய்யும். 'ஐநோடு இனிட் ஆல்வேஸ்' என்பது ஒவ்வொரு முறை ஒதுக்கும்போதும் ஓடும். பிடித்திருப்போர் எண்ணிக்கை ஒன்று, அளவு பூஜ்யம் என்று அது வரிசையாக எழுதிக்கொண்டே போகும். அதில் ஒரு வரியில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். கோப்பின் செயல்களைக் காட்டும் சுட்டியை வெற்றாக விடாமல், 'திறக்க இயலாது' என்று பிழை எண்ணைத் திருப்பும் ஒரு சிறு அட்டவணையை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்னும் முழுமை பெறாத ஐநோடை யாராவது திறக்க முயன்றாலும் கணினி கவிழாது, முறையான மறுப்பு கிடைக்கும்.

அடுத்தது வரிசை. ஐநோடை வட்டிலிருந்து வாசித்து நிரப்பும் நேரத்தில் இன்னொருவர் அதே கோப்பைக் கேட்டு வரலாம். அதனால் புது ஐநோடு 'ஐ நியூ' என்ற குறியோடுதான் பிறக்கிறது. அந்தக் குறி இருக்கும்வரை வருகிறவர்கள் காத்திருக்க வேண்டும். எல்லாம் நிரம்பியபின் குறியை நீக்கி, காத்திருப்பவர்களை எழுப்புவார்கள். வட்டு பழுதாகி வாசிக்க முடியாமல் போனால் அந்த ஐநோடைக் 'கெட்டது' என்று முத்திரையிட்டு, அதன்பிறகே எழுப்புவார்கள். ஒரு முழுக் கோப்பு முறைமையை ஏற்றும்போதும் இதே ஒழுங்குதான். அந்த முறைமை முழுவதுக்குமான விவரத்தை வைத்திருக்கும் சூப்பர்பிளாக் முழுவதும் நிரம்பிய பிறகே அதற்கு 'பிறந்தது' என்ற குறி விழும். செயலிகள் நினைவகத்தில் எழுதியவற்றை வரிசை மாற்றிப் பிறருக்குக் காட்டக்கூடியவை என்பதால், அந்தக் குறிக்கு முன்னால் ஒரு தடுப்பும் போட்டிருக்கிறார்கள். தடுப்பு ஒரே வரி. அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்ற விளக்கம் அதைவிட நீளம். அந்த விளக்கத்தை எழுதி வைத்த கைக்கு என் வணக்கம்.

இந்தக் கலையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை உருவான காலத்தில், ஐபிஎம்மின் இந்தியப் பிரிவிலிருந்து சுபர்ணா பட்டாச்சார்யா, அமித் அரோரா, அனீஷ் குமார் ஆகியோர் அதில் உழைத்தார்கள். ஒரு கோப்புக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கும் 'ஃபாலொகேட்' என்ற அழைப்பு, அமித் அரோராவின் உழைப்பில் 2007-இல் 2.6.23 கெர்னலில் சேர்ந்தது. அதில் ஒரு சிக்கல். பிடித்து வைக்கும் இடத்தில் வேறொருவர் அழித்த கோப்பின் எச்சம் இருக்கலாம். அதை வாசிக்க விடுவது குற்றம். எல்லாவற்றையும் பூஜ்யத்தால் நிரப்புவதோ, பல ஜிபி இடம் என்றால் நெடுநேரம் பிடிக்கும்.

தீர்வு ஒரே ஒரு பிட். எக்ஸ்ட்4-இல் தொடர்ச்சியான வட்டுப் பகுதியின் நீளத்தைச் சொல்ல 16 பிட் இருக்கிறது. எழுதப்பட்ட பகுதியின் நீளம் 32,768 தொகுதிகளைத் தாண்டாது. அதைத் தாண்டிய எண் வந்தால், 'இடம் உண்டு, இன்னும் எழுதவில்லை' என்று பொருள். வாசிப்பவருக்கு வட்டைத் தொடாமலேயே பூஜ்யம் கிடைக்கும். பிறகு உண்மையான தரவு வரும்போது, முதலில் தரவு வட்டில் போய்ச் சேர வேண்டும், அடுத்துத்தான் 'எழுதப்பட்டது' என்று குறி மாறும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்நியர் எச்சம் வெளிவராது. எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் முன்பே இருந்த யோசனைதான் இது. ஆனாலும் எக்ஸ்ட்4-இன் ஏற்கெனவே நிறைந்திருந்த கட்டத்துக்குள், கூடுதலாக ஒரு பைட் கூடக் கேட்காமல் இதைப் பொருத்தியது நுட்பமான கைவேலை.

நிரப்பப்படாததை நிரப்பியதாகக் காட்டாதே, முழுமையாகும்வரை பிறர் கண்ணில் படவிடாதே. மேலே சொன்ன எல்லா நுட்பங்களும் இந்த இரண்டு கட்டளைகளுக்குள் அடங்கும். கோப்பு முறைமை எழுதியவர்களை நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கணினி படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். அதன் மூல நிரல் காசில்லாமல் கிடைக்கிறது. எக்ஸ்ட்4 அடைவில் 'சூப்பர்.சி' என்ற கோப்பைத் திறந்து, 'இனிட் ஒன்ஸ்' என்று தேடுங்கள். பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் எடுத்துவிட்டால் எந்த இழை அறும் என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.