எஃகு பிரேமின் பாணிகள்

மத்தூரைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நம் தரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாந்தோப்பு வழிகளில் இறுகிய செம்மண், கரட்டுச் சரிவில் பாறையும் உதிர்சரளையும், ஏரிக்கரை இறக்கத்தில் மழை அறுத்த பள்ளங்கள். இந்த நிலத்துக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் தாராளமாகப் போதும். அதன் பிரேம் எஃகாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எஃகிலும் பாணிகள் உண்டு; அவற்றை அறியாமல் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் பார்த்து வாங்கினால் காசு வீண்.

முதல் பாணி கலிபோர்னியாவுடையது. 1970-களில் மரின் வட்டாரத்து டமால்பைஸ் மலையில் இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளை இறக்கத்தில் விரட்டி ஓட்டினார்கள். ஹப் பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், பிரேம்களும் முறியும். 1977-ல் ஜோ பிரீஸ் அதற்கென்றே குரோமோலி எஃகுக் குழாயில் பிரேம் கட்டினார். 1979-ல் டாம் ரிட்சி கட்டிய பிரேம்களை கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலைத் தயாரிப்பாகவே வந்தது. இந்த வழியில் பின்னர் வளர்ந்த பிரேம்கள் மெலிந்தவை, ஏற்றத்தில் சுறுசுறுப்பானவை. செங்குத்தான இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் பதற்றம் காட்டும்.

இரண்டாவது இங்கிலாந்துப் பாணி. சேற்றிலும் கல்லிலும் பழகியவர்கள் நீண்ட ஃபோர்க்கைத் தாங்கும் கனமான முன்பகுதியைக் கேட்டார்கள். 2003-ல் தொடங்கிய காட்டிக் நிறுவனத்தின் சோல் இந்த வரிசையில் பெயர் பெற்றது. அதன் குழாய்க்குப் பின்னால் இருப்பது பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸ் நிறுவனம். குழாயின் இரு முனையும் தடித்து நடு மெலிந்திருக்கும் பட்டிங் முறைக்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிய குடும்பம் அது. அவர்களின் 531 என்ற குழாய் 1935-ல் வந்தது, 853 என்ற குழாய் 1995-ல்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்பது எனக்குப் பெருமை. ரெய்னால்ட்ஸ் 1928-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்துச் சைக்கிள் நிறுவனம் தொடங்கி, அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. 1955-ல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. நம் அப்பாக்கள் மிதித்த ஹெர்குலிஸ் வண்டிக்கும் பர்மிங்காமின் மலைச் சைக்கிள் குழாய்க்கும் ஒரு காலத்தில் தாய்வீடு ஒன்றே.

குழாய் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 853 போட்டால் சவாரி மெத்தென்று இருக்கும் என்பார்கள். எந்த எஃகுக் கலவையானாலும் வளைந்து கொடுக்கும் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். உசத்திக் கலவையின் பலன் வலிமை; அதனால் சுவரை மெலிதாக்கி எடை குறைக்கலாம். அதிர்வை மட்டுப்படுத்துவது குழாயின் விட்டமும் சுவர்த்தடிப்பும், சீட்டுக்குக் கீழே பின்சக்கரத்துக்கு இறங்கும் மெல்லிய குழாய்களின் வடிவமும், டயரில் இருக்கும் காற்றும்தான். ஆகவே 4130 குரோமோலியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்ற அளவில் பட்டிங் செய்திருந்தால் உத்தமம். விரிசல் விட்டாலும் தேர்ந்த கை டிக் வெல்டிங்கிலோ பித்தளைப் பிரேசிங்கிலோ சரிசெய்துவிடும். மொபெட்டும் லாரியும் உருவாகும் ஓசூர்ப் பக்கம் அப்படிப்பட்ட கைகளுக்குப் பஞ்சமில்லை. ராடு வெல்டிங் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மெல்லிய சுவர் ஓட்டையாகிவிடும்.

தலைக்குழாயின் கோணத்தைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் அமுங்கும், பின்பக்கம் அமுங்காது. 130 மி.மீ. ஃபோர்க் சுமார் 30 மி.மீ. இறங்கினால் தலைக்குழாய் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி நிமிர்ந்துவிடும். காகிதத்தில் 65 அல்லது 66 டிகிரி என்றிருப்பது நம் சரிவுகளுக்குச் சரியாக வரும்.

எஃகு பிரேம் பல்லாண்டு நிற்கும். அத்தனை ஆண்டும் அதற்குப் பாகம் கிடைக்க வேண்டுமே! அளவுகளை நான் கறாராகப் பார்ப்பது இதனால்தான். பாட்டம் பிராக்கெட் 73 மி.மீ. பிஎஸ்ஏ திரெட்டாக இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகையில் தூசி புகுந்தால் கிறீச்சொலி ஓயாது. தலைக்குழாய் 44 மி.மீ. என்றால் ஃபோர்க்கின் நேர் ஸ்டீயரரும் டேப்பர் ஸ்டீயரரும் ஏறும். பின் அச்சு 148 மி.மீ. பூஸ்ட் என்றால் இன்றைய சக்கரம் பொருந்தும்; மலிவாகக் கிடைக்கும் பழைய 135 மி.மீ. பிரேமை எடுத்தால் நல்ல சக்கரத்துக்குப் பெங்களூரு வரை அலைய நேரும். 2.4 அங்குல டயருக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு டியூப்லெஸ்ஸும் சீலன்ட்டும் வேண்டும் என்பது தனிக்கதை. பிரேம் ஐஎஸ்ஓ 4210 சோதனையில் தேறியதா என்பதையும் விசாரியுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் சீட் போஸ்ட்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு குழாய்க்குள் துரு தடுக்கும் எண்ணெயை அடியுங்கள். பின் கியர் மாற்றியைத் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் கழற்றி மாட்டும் வகைதானா என்று வாங்கும்போதே பாருங்கள். ஆம் என்றால், அதே அளவில் இன்னொன்றைப் பிரேமோடு சேர்த்தே வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.