நீளும் ஏணி

குழாய்க்குள் குழாயாக ஒடுங்கி, முழுதும் மடக்கினால் ஒரு மீட்டர் உயரங்கூட இல்லாமல் ஒரு மூலையில் அடங்கிவிடும் அலுமினிய ஏணியை, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு சஞ்சரிப்பவர்கள் ஏன் அவ்வளவு பிரியமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது, அதை நிதானமாக விரித்துப் பார்த்தவர்க்கே விளங்கும். அடிப்படியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு மேற்படியைப் பற்றி உயர்த்தினால், மூங்கிலின் கணுக்களைப் போல ஒவ்வொரு பகுதியும் எழுந்து, தன் ஸ்தானத்தை அடைந்ததும் ‘டக்’கென்று சந்தேகத்துக்கு இடமின்றி ஒலிக்கிறது, இரு புறமும் அவ்வொலி எழுந்தாலன்றி அனுபவசாலி கால் வைப்பதில்லை. உயரம் 4 அடிக்கு 1 அடி வீதம் அடியைத் தள்ளிச் சாய்த்துவிட்டால், வண்டிக் கூரையின் சூரியத் தகட்டைத் துடைப்பதானாலும், வீட்டிறவாரத்து நீர்க்காலில் தேங்கிய சருகை அள்ளுவதானாலும், ரப்பர்ப் பாதங்கள் எளிதில் நகருவதில்லை.

மடக்கும் வேளையோ இன்னும் ரம்மியமானது. படியடியிலுள்ள தாழ்களைக் கட்டைவிரல்களால் உள்ளே தள்ளியதும், குழாயில் அடைபட்ட காற்று மெல்லக் கசிய, மேற்பகுதி பெருமூச்சு விட்டபடி இறங்கி அமர்கிறது. தடாலென்று விழுந்து விரலை நசுக்காத இந்த நிதானமே, விலையைக் காட்டிலும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய லட்சணம் என்பேன். மணல் படிந்த குழாய்களை உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைத்து வைப்பவரிடம் அந்த வழுவழுப்பும் நெடுங்காலம் மாறாமல் இருக்கிறது.