கேட்காமலே வரவேண்டிய சேதி

2009-ல் வான் ஜேக்கப்சனும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தக் கணினியிடம் கேட்பது என்பதை விட்டுவிட்டு, வேண்டிய தகவலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரதி வைத்திருப்பவர் யாராயினும் தரட்டும். ஓடும் கார்களுக்கு இது கச்சிதம். இந்தச் சாலையில் இப்போது நெரிசல் எப்படி என்று கேட்டால், எதிரே வரும் லாரிகூட தான் சுமந்து வந்த பிரதியைக் கொடுக்கலாம். கையொப்பம் தகவலோடேயே ஒட்டியிருப்பதால் கொண்டுவந்தவரை நம்பத் தேவையில்லை.

சிக்கல் பிரேக்கில் இருக்கிறது. இங்கே கேட்டால்தான் பதில். மூன்று வண்டி தள்ளி ஒருத்தர் சடாரென பிரேக் போட்டதை நான் எப்படிக் கேட்பேன்? நடந்ததே தெரியாதே! அமெரிக்கத் தரப்படி வண்டிகள் தம் இடத்தையும் வேகத்தையும் விநாடிக்கு வழக்கமாக 10 முறை, யாரும் கேட்காமலே ஒலிபரப்பும்.

2014-ல் வந்த வி-என்டிஎன் வடிவமைப்பில், தான் கேட்காத தகவலும் காதில் விழுந்தால் கார் சேமித்துக்கொள்ளும். நல்ல திருத்தம்தான். ஆனால் அதையும் முதலில் வேறு யாராவது கேட்டிருக்கணுமே! கேள்வியை முன்கூட்டியே போட்டு வைக்கலாம் என்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான், கேள்விக்கு ஆயுளும் உண்டு. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அலைவரிசை என்னாவது? அமெரிக்காவில் 1999-ல் இதற்கென ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸை 2020-ல் 30 ஆக வேறு வெட்டிவிட்டார்கள்.

நெரிசல், பார்க்கிங், வரைபடம் இதற்கெல்லாம் பெயர்வழி சரி. விபத்துத் தடுப்பு என்று முன்னுரையில் சொல்லும் கட்டுரையில் மட்டும் நான் முதலில் தேடுவது, கேட்காத வண்டிக்கு சேதி எப்படிப் போகிறது என்ற பக்கத்தைத்தான்.