சான்றில்லாக் காதல்: குறுந்தொகை 25ஆம் பாடலும் கேலாங்கும்

பெயரிடப்படாத காதல் உறவு இக்காலத்திற்கே உரிய சிக்கலாகக் கருதப்படுகிறது. தமிழ் அகமரபோ அதனைக் களவு என வகுத்து, வரைவு நீளும்போது தலைவி அடையும் துயரைப் பல பாடல்களில் பதிவு செய்துள்ளது. அவற்றுள் ஒன்றாகிய கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலை, சிங்கப்பூரின் கேலாங் வட்டாரச் சூழலோடு வைத்து நாம் ஈண்டு நோக்குகிறோம்.

தலைவனும் தலைவியும் கூடியபோது அருகில் எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்றே அங்கிருந்தது. அது கண்டிருக்கலாம், ஆயினும் அதன் கருத்து இரையின் மீது. அவன் பொய்த்தால் தான் என் செய்வது எனத் தலைவி தோழியிடம் வினவுகிறாள்.

இதனைத் தலைவனின் வஞ்சகம் பற்றிய புலம்பலாக மட்டும் கொள்வது பொருந்தாது. அவன் பொய்த்தான் என அவள் கூறவில்லை; பொய்த்தால் என்றே கூறுகிறாள். கள்வன் என்னும் சொல்லில் அச்சமும் அன்பும் ஒருங்கே நிற்கின்றன. நிகழ்ந்ததைக் குறிக்க, கூடுதலுக்கும் திருமணத்திற்கும் பொதுவான 'மணத்தல்' என்னும் சொல்லையே அவள் ஆள்வது கருதத்தக்கது. தலைவன் பெயரிடாத உறவுக்கு அவளே பெயரிட்டுவிடுகிறாள். அதனைத் தோழி கேட்டதும் குருகால் ஆக இயலாத சான்று பிறக்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டதெனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுவதும் இங்கு இணைத்தெண்ணத்தக்கது.

எண்ணிட்ட லோரோங்குகளும் பழைய கடைவீடுகளும் கொண்ட கேலாங், பிறரால் சிவப்பு விளக்குப் பகுதியாகவே பெரிதும் அறியப்படுகிறது. அங்கு வெளிநாட்டு ஊழியர்களும் வாழ்கின்றனர். அவர்களுக்கும் காதல் உண்டு. கேலாங் ஈஸ்ட்டில் 1993 முதல் ஸ்ரீ சிவன் கோயில் உள்ளது. எனினும் கரணத்திற்கு முன் வேறொரு வாயிலைக் கடக்கவேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிபவர் சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெறவேண்டும். ஆகவே, வாய்மை உடையவனும் வரைவு நீட்டிக்க நேர்கிறது. காத்திருப்பவளுக்கு அவனும் கள்வனாகவே தோன்றக்கூடும்.

சங்கப்பாடல் தரும் ஆறுதலின் எல்லையும் இங்கே புலனாகிறது. தோழி தலைவனிடம் வரைவு கடாவலாம்; அமைச்சிடம் கடாவ இயலாது. ஆயினும் அவள் செவி தேவையற்றதாகிவிடவில்லை. தலைவனின் உள்ளத்தை அறிய இயலாத நிலையிலும் தன் உள்ளத்தில் நிகழ்ந்ததைத் தன் சொல்லால் கூறி, அதற்கு ஒருவரைச் சான்றாக்குதலே தலைவி கண்ட வழி. தீர்வு தாராவிடினும் அது துயரைத் தனிமையிலிருந்து மீட்கிறது எனத் துணியலாம்.