காகிதமற்ற பத்திரிகையும் லயத்து வாசகரும்

எம்பிலிப்பிட்டியவில் ஒரு காகித ஆலை இருந்தது. வளவை கங்கையின் நீரில் விளைந்த வயல்களின் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் நோக்குடன், 1970களின் பிற்பகுதியில் அரசு நிறுவிய ஆலை அது. அதன் இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகளாகின்றன. 2022 மார்ச்சில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. பத்திரிகைக் காகிதம் கிட்டாமையால் 'த ஐலண்ட்', 'திவயின' என்னும் இரு நாளேடுகளும் தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது இணையத்தோடு நிறுத்திக்கொண்டன. பத்திரிகை காகிதத்தைத் துறந்தமை விஞ்ஞானத்தின் வெற்றி என்று மாத்திரம் மகிழ்வோர் இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நன்று. சொந்தக் காகிதத்தைக் கைவிட்ட ஒரு நாடு, கடன்பட்டு வாங்கிய காகிதத்தையும் இழந்த கதை இதில் அடங்கியிருக்கிறது.

எனினும் இணையச் செய்தித்தளங்கள் வறுமையின் பிள்ளைகள் மட்டுமல்ல. அச்சத்தின் பிள்ளைகளும் ஆவன. அச்சு இயந்திரத்துக்கு முத்திரை வைக்கலாம். விநியோகிப்பவனைத் தெருவில் மறிக்கலாம். கடல் கடந்த கணினியில் இருக்கும் எழுத்தை என்ன செய்வது? இந்த நம்பிக்கையோடுதான் 1997இல் 'தமிழ்நெற்' தோன்றியது. ஆனால் எழுத்து எங்கிருந்தாலும் எழுதுபவன் உடலோடு இந்த மண்ணில்தான் வாழ்கிறான். அதன் ஆசிரியராக விளங்கிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007இல் அத்தளம் இந்நாட்டு வாசகருக்கு மூடப்பட்டது. 'லங்கா ஈ நியூஸ்' தளத்துக்கு எழுதியவரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட, 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு நாட்கள் இருக்கையில், காணாமலாக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அத்தளத்தின் அலுவலகம் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் பல தளங்கள் முடக்கப்பட்டன. செய்தித்தளங்கள் யாவும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்ற உத்தரவும் பிறந்தது. எழுதியவர்களில் சிங்களவர் உண்டு, தமிழர் உண்டு. அடக்குமுறை இதில் இனபேதம் பார்க்கவில்லை.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற ஊடகம் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று கேட்பது நமது கடமையாகும்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொடகவெல வழியாக மலையேறி றக்வானைப் பக்கம் சென்றால் தோட்டங்கள் தொடங்கிவிடும். நாளேடு அங்கே கடைவீதியோடு நின்றுவிடுவது வழக்கம். லயம் வரை போவதில்லை. கைத்தொலைபேசியோ காம்பிராவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன், வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரி வேடத்தில் புகுந்து உண்மைகளைச் சேகரித்தவர் கோ. நடேசய்யர். 1921இல் 'தேசநேசன்' கண்ட அவர் இன்று இருந்திருப்பின், இந்தச் சிறு கருவியைக் கண்டு எத்துணை பூரித்திருப்பார்! ஆனால் அதில் வருவதை வாசித்தபின் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விடயம்.

ஓர் உதாரணம் போதும். 2024 மே தினத்தன்று கொட்டகலையில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என ஜனாதிபதி அறிவித்தார். செய்தித்தளங்கள் சில நிமிடங்களில் அதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. லயங்களில் கைக்குக் கை அது பரவியது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் நிர்ணயமானதோ 1,350 ரூபா. எஞ்சிய 350 ரூபா, பறிக்கும் கொழுந்தின் அளவோடு முடிச்சுப் போடப்பட்டுப் பேசப்பட்டது. ஆயிரத்து எழுநூறு என்ற எண்ணைப் பரப்புவதில் காட்டிய வேகத்தை, அந்த எண் எங்ஙனம் தேய்ந்தது என்று விளக்குவதில் நாம் பெரும்பாலும் காணவில்லை. சம்பள நிர்ணய சபை என்றால் என்ன, அங்கே கம்பனிகளின் பிரதிநிதிகள் எவ்வாறு வாக்களிப்பர், நிறை குறைந்த நாளில் அரைப் பேர் போடும் வழக்கத்துக்கு என்ன நேரும் என்பனவெல்லாம் 'சூடான செய்தி' ஆகா. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வேண்டியதோ அந்த ஆறிப்போன செய்திதான்.

இதற்குச் செய்தியாளரின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநீதி. வாசகர் காசு கொடுத்து வாங்காத பத்திரிகை விளம்பரத்தால் வாழவேண்டும். இணைய விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி கூகுள், பேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களுக்கே போகிறது. மிஞ்சும் சில்லறையைப் பெறுவதற்கு எத்தனை பேர் தலைப்பைத் தொட்டனர் என்ற கணக்கே அளவுகோல். றக்வானையிலோ தெரணியகலையிலோ ஒரு நிருபரை மாதச் சம்பளத்தில் வைக்க இந்தச் சில்லறை போதாது. ஆகவே கொழும்பில் அமர்ந்த ஒருவர் அறிக்கையை வெட்டி ஒட்டுகிறார். அதையே பத்துத் தளங்கள் மீண்டும் வெட்டி ஒட்டுகின்றன. எழுத்துப் பிழைகூட மாறாமல் பயணம் செய்வதை நேயர்கள் கவனித்திருப்பர்.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆதரவில் 2006இல் ஆங்கிலத்தில் 'கிரவுண்ட்வியூஸ்' தோன்றியது. தமிழில் 'மாற்றம்' பின்னர் வந்தது. மலையக மக்களின் காணி, வீடு, சம்பளம் பற்றி நாளேடுகள் ஒதுக்கிய நீண்ட கட்டுரைகளை 'மாற்றம்' வெளியிட்டமையை நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயின் இத்தகைய தளங்கள் பெரிதும் நன்கொடை நிறுவனங்களின் நிதியில் தங்கியுள்ளன. நிதி தருவோரின் நாட்டம் மாறும் நாளில் தோட்டத்துச் செய்தி என்னாகும்? தொழிலாளரின் சந்தாப் பணத்தில் வளர்ந்த மலையகத் தொழிற்சங்கங்கள், சுதந்திரமான ஒரு செய்தித்தளத்தை ஏன் நடத்தவில்லை என்று கேட்டால் கோபிப்பார்கள். தலைவரின் பிறந்தநாள் படங்களுக்கு மட்டும் அவற்றின் முகநூல் பக்கங்களில் குறைவில்லை.

இந்நிலையில் 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. எக்னெலிகொட மறைந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள். ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் குழு, எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்க அச்சட்டம் இடமளித்தது. அவ்வாண்டிலேயே ஆட்சி மாறிற்று. சட்டம் ஆட்சியோடு போய்விடவில்லை. பெரிய பத்திரிகைக்குச் சட்டத்தரணி உண்டு. தோட்டத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து கிடப்பதைப் படமெடுத்து, துரையின் பெயரைக் குறிப்பிட்டு எழுதும் இளைஞனுக்கு யார் உண்டு? அவனுடைய தந்தை அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார். குடியிருக்கும் காம்பிராவும் தோட்டத்துக்கே சொந்தம். அவன் தன் படத்தை அழித்துவிடுவதற்கு ஆணைக்குழு கூடவேண்டியதில்லை. கணக்கப்பிள்ளை ஒரு முறை வாசலில் வந்து நின்றால் போதும்.